மூன்றாம் ஓலை

எங்கள் திண்டிவனம் சபையில் ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பு வாசிப்பதை நிறுத்தியது யார் என்று கேட்டால் இன்றைக்கும் ஆளுக்கு ஆள் கையை விரிக்கிறார்கள். போதகர் கமிட்டியைக் காட்டுவார். கமிட்டி மீடியா டீமைக் காட்டும். மீடியா டீம் என்பது சில தம்பிகளும் ஒரு கேமராவும். அவர்கள் கம்ப்யூட்டர் திரையைக் காட்டுவார்கள். அதில் ஒரு கோடு போகும். பாட்டு நடக்கும்போது மேலே நிற்கும், பிரசங்கத்தில் கொஞ்சம் தொய்யும், அறிவிப்பு ஆரம்பித்ததும் தொபுக்கென்று விழும். யூடியூபில் பார்க்கிறவர்கள் அந்த இடத்தில்தான் எழுந்து போய்விடுகிறார்களாம். அதனால் அறிவிப்பே வேண்டாம், எல்லாவற்றையும் வாட்ஸ்அப் குரூப்பில் போஸ்டராகப் போட்டுவிடலாம் என்று முடிவாயிற்று. கோயிலுக்குள் உட்கார்ந்திருக்கும் எங்களை ஒருத்தரும் கேட்கவில்லை. நாங்கள்தான் எழுந்து போகாத ஜனமாயிற்றே, எங்களை எதற்குக் கேட்க வேண்டும்?

நான் விழுப்புரத்தில் இருப்பவள். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஆனால் ஞானஸ்நானம் எடுத்தது திண்டிவனத்தில், தங்கை குடும்பம் இருப்பது திண்டிவனத்தில், அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் பிடித்து அங்கேதான் போவேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி வரிசையில் நின்றாலே எனக்குக் கோபம் ஆரம்பித்துவிடும். இந்தக் கோபம் வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. வார்டில் சத்தம் போடாத நர்ஸை ஒருத்தரும் மதிப்பதில்லை.

போனுக்கு நான் எதிரி இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கொரோனா காலத்தில் கோயில் பூட்டிக் கிடந்தபோது, டியூட்டி முடிந்து தனி அறையில் அடைந்து கிடந்த எனக்கு அந்தச் சின்னத் திரையில் வந்த ஆராதனைதான் ஆறுதல். பாட்டைக் கேட்டு அழுதிருக்கிறேன். துபாயில் இருக்கும் தம்பி இன்றைக்கும் அதில்தான் நம் கோயிலைப் பார்க்கிறான். நல்லதுதான், வேண்டாம் என்று யார் சொன்னது? வெளியே இருப்பவனுக்குக் காட்டுவதற்காக உள்ளே இருப்பவளின் வாயை அடைப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

ஓலை என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் சபையில் ஒரு கல்யாணம் நிச்சயமானால், கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அதை வாசிக்க வேண்டும். இன்ன ஊர் இன்னாருடைய மகனுக்கும், இன்ன ஊர் இன்னாருடைய மகளுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, இது முதல் ஓலை, இது இரண்டாம் ஓலை, இது மூன்றாம் ஓலை. வாசித்துவிட்டுப் போதகர் சொல்வார்: ‘இந்தத் திருமணத்துக்குத் தடை உண்டென்று அறிந்தவர்கள் இப்போது தெரிவிக்கலாம்.’ சொல்லிவிட்டு நிறுத்துவார். கண்ணாடியைக் கழற்றி, சபையை இந்த ஓரம் தொடங்கி அந்த ஓரம் வரை ஒருமுறை பார்ப்பார். பெண் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று எல்லாத் தலையும் திரும்பும், அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குனிவாள். என் ஆயுசில் ஒருத்தரும் எழுந்து தடை சொல்லி நான் பார்த்ததில்லை. ஒருமுறை சரியாக அந்த நேரத்தில் ஒரு கைக்குழந்தை வீறிட்டது, கோயிலே சிரித்தது, போதகரும் சிரித்துவிட்டார். ஆனாலும் ஒவ்வொரு முறையும் நிறுத்திக் கேட்டார்கள். அதுதான் ஓலை.

அந்த ஓலையும் அறிவிப்போடு சேர்ந்து போஸ்டருக்குப் போய்விட்டது.

தங்கை மகளுக்கு மாப்பிள்ளை அமைந்தது அந்தச் சமயத்தில்தான். அவள் தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சர், கோயிலில் பாடகர் குழுவில் இருக்கிறாள். அப்பா இல்லாத பெண். மாப்பிள்ளைக்கு வளவனூர் பக்கம் ஊர், குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் மேனேஜர். ஆள் பளிச்சென்று இருந்தான், பேச்சில் அத்தை அத்தை என்று தேன் ஒழுகியது. அவன் சபைப் போதகர் அவனைப் பற்றி நல்லபடியாகத்தான் எழுதிக் கொடுத்தார். அவர் அந்த ஊருக்கு மாற்றலாகி வந்தே கொஞ்ச நாள்தான் என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

முதல் ஓலை வந்தது. தங்க எழுத்து, இரண்டு புறா, மூலைக்கு மூலை ரோஜாப்பூ, நடுவில் பெண்ணும் மாப்பிள்ளையும் இருக்கும் போட்டோ. பார்க்க அழகாகத்தான் இருந்தது. தேடித் தேடிப் பார்த்தேன், தடை உண்டென்று அறிந்தவர்கள் என்ற வரியைக் காணோம். மீடியா டீம் தம்பியைப் பிடித்துக் கேட்டேன்.

“அது கொஞ்சம் நெகட்டிவா இருக்குதுங்க ஆன்ட்டி. டிசைன்லயும் எடம் பத்தல. எடுத்துட்டோம்.”

புறாவுக்கு இடம் இருந்தது, இதற்கு இடம் இல்லை! அதோடு, அந்தக் குரூப்பில் அட்மின் மட்டும்தான் எழுத முடியும். ஆளாளுக்குக் காலை வணக்கம் பூ அனுப்பிப் பேஜாரு பண்ணுகிறார்கள் என்று பூட்டிவிட்டார்கள். மற்றவர்கள் இதயம் போடலாம், கைகூப்பலாம், அவ்வளவுதான். அன்றைக்கே போதகரிடம் போனேன். என்னைவிட வயதில் சின்னவர், நல்ல மனுஷன், எதைச் சொன்னாலும் சிரிப்பார்.

“ஐயா, ஓலைய மட்டுமாவது வாயால படிங்க.”

“சிஸ்டர், கோயிலுக்கு வர்றவங்களைவிட குரூப்ல ஜாஸ்தி பேர் இருக்காங்க. முன்ன விட நிறைய பேருக்குப் போய்ச் சேருது.”

“போய்ச் சேருதுங்க ஐயா. யாராச்சும் எதாச்சும் சொல்லணும்னா எப்படிச் சொல்வாங்க?”

“சபை நம்பர் இருக்குதே. எல்லாத்துக்கும் உடனே ரிப்ளை போற மாதிரி செட் பண்ணியிருக்கோம்,” என்று சிரித்தார். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, முணுமுணுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்றாம் ஓலைப் போஸ்டர் வந்த ஞாயிறு. அதற்கு அடுத்த வாரம் புதன்கிழமை கல்யாணம். ஆராதனை முடிந்து, வழக்கம்போல பஸ் ஸ்டாண்ட் வாசலில் வேகவைத்த வேர்க்கடலை, எங்கள் பக்கத்தில் மல்லாட்டை, வாங்கப் போனேன். விற்கிறவளும் எங்கள் சபைதான். கோயிலின் கடைசியில் பாய் விரித்த இடத்தில் உட்காருவாள், ஆசீர்வாதம் சொல்லி முடித்ததும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வியாபாரத்துக்கு ஓடுவாள். வாராவாரம் எனக்கு ஒரு கை கூடவே போடுவாள்.

“ஒரு பொட்டலம் போடும்மா.”

“இல்ல.”

அவள் முன்னால் ஆவி பறக்கக் குவிந்து கிடந்தது.

“இதோ குவிச்சு வெச்சிருக்கியே, இது இன்னா?”

“கீது. உங்களுக்கு இல்ல.”

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. “ஏம்மா, நான் இன்னா ஓசிலயா கேட்டேன்? மூஞ்சத் திருப்பிக்கினு பேசறே!”

அவ்வளவுதான், கையில் இருந்த முறத்தைத் தூக்கி வண்டிமேல் போட்டாள். “போங்க சிஸ்டரம்மா! எத்தினி உசுரைக் காப்பாத்தனவங்க நீங்க. சொந்தத் தங்கச்சி பொண்ணையும் பாழுங்கெணத்துல தள்ளி, எங்க பொண்ணு தலையிலயும் மண்ணள்ளிப் போடறீங்களே, உங்களுக்கு மனசாட்சி இல்ல? வெள்ளச் சேலை கட்டிக்கினு முன் வரிசைல குந்திக்கினா ஆச்சா?”

பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. நான் விடுகிற ஆளா? “இன்னாடி சொல்றே நீ? ஒழுங்கா சொல்லு!”

“நடிக்காதீங்க. எங்க அக்கா பொண்ணைக் கட்டுனவன்தான் அவன். விக்கிரவாண்டில ஒரு ஜெபவீட்டுல தாலி கட்டுனான். கொழந்த பால்வாடிக்குப் போவுது. ரெண்டு வருசமா வர்றதும் இல்ல, கேக்கறதும் இல்ல. இவ டோல்கேட் ஓட்டல்ல சப்பாத்தி தேய்ச்சு அந்தக் கொழந்தைய வளக்கறா. அவன் போட்டோவுக்குப் பூ வெச்சு, புறா வுட்டு, ஊருக்கெல்லாம் அனுப்பறீங்க!”

வண்டியைப் பிடித்துக்கொண்டேன். “ஏன் எங்ககிட்டச் சொல்லல?” என்றேன்.

“சொல்லலியா? ரெண்டாவது ஓலைலதான் போட்டோவப் பாத்தேன், என் பொண்ணு காட்னா. குரூப்ல எழுதலாம்னா எழுத வுடல. ஐயாவப் பாக்கலாம்னு அவரு ரூம்பு, அந்த வெஸ்ட்ரி வாசல்ல நின்னேன். ஐயா ஜூம்ல கீறாரு, வாட்ஸ்அப்ல போடுங்க ஆன்ட்டி, பாத்துடுவாருன்னு அந்தப் பையன் சொன்னான். சபை நம்பருக்குப் பேசி அனுப்பனேன். ஒடனே ஐயா பதிலு போட்டாரு. அப்புறமும் மூணாவது ஓலை வந்துச்சு. சரி, எல்லாம் தெரிஞ்சேதான் பண்றாங்கன்னு விட்டுட்டேன். ஐயாவே பதிலு போட்டப்புறம் நடுவுல நான் யாரு?”

“இன்னா பதிலு? காட்டு.”

இடுப்புப் பையில் இருந்து போனை எடுத்துக் காட்டினாள். அவள் அனுப்பிய குரல் செய்தி. அதன் கீழேயே, அதே நிமிடத்தில் வந்த பதில்: ‘உங்கள் செய்தி கிடைத்தது. உங்களுக்காக ஜெபிக்கிறோம். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.’ பக்கத்தில் கூப்பிய கை.

“இது ஐயா போட்டது இல்லம்மா. மிஷின். யாரு எதப் போட்டாலும் இதான் வரும்.”

“மிஷினா?” என்று என்னையே பார்த்தாள். “ஜெபம் பண்றோம்னு போட்டுக்குதே?”

“அதுவும் மிஷின்தான்.”

“அப்ப ஜெபம் யாரு பண்றது?”

மல்லாட்டையை அப்படியே விட்டுவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தேன். வழியெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே போனேன். அவனை, போதகரை, கமிட்டியை, அந்தக் கம்ப்யூட்டர் திரைக் கோட்டை, புறாவை.

மீடியா அறையில் தம்பி அன்றைய பிரசங்கத்தில் இருந்து ஒரு துண்டை வெட்டி அதற்கு இசை சேர்த்துக்கொண்டிருந்தான். சபை போன் எங்கே என்றேன். மேசை டிராயரில் சார்ஜரோடு கிடந்தது. திறந்தால் யாரும் தொடாத செய்திகள், வரிசை வரிசையாக. ஐயா, அப்பாவுக்கு முடியவில்லை, ஜெபிக்க வர முடியுமா? ஐயா, வேலை போய்விட்டது, யாரிடமும் சொல்லவில்லை. ஐயா, நாளைக்கு எனக்கு ஆபரேஷன். ஒவ்வொன்றின் கீழேயும் அதே ‘கிடைத்தது, ஜெபிக்கிறோம்’, கூப்பிய கை. ஆபரேஷனுக்கு முந்தின நாள் நோயாளி எப்படிப் படுத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். யாராவது வந்து கட்டில் ஓரம் நிற்க மாட்டார்களா என்று கதவையே பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு இந்தக் கூப்பிய கையை அனுப்பிவிட்டு இவர்கள் போனை டிராயரில் போட்டு மூடியிருக்கிறார்கள்!

போதகரைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன். ஜூமை விட்டுவிட்டு வரச் சொல் என்று கத்தினேன். அவர் வந்ததும் மல்லாட்டைக்காரியின் செய்தியை ஓடவிட்டேன். பஸ் சத்தத்துக்கு நடுவில் அவள் குரல்: “ஸ்தோத்திரங்க ஐயா. நான் பஸ் ஸ்டாண்டுல மல்லாட்டை விக்கறவ பேசறேன். அந்தக் கல்யாணத்துக்குத் தடை கீதுங்க ஐயா.” மீதியையும் கேட்டார். அவர் சிரிப்பு போயே போய்விட்டது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“சிஸ்டர், இதை நான் கேக்கவே இல்ல,” என்றார்.

“அதத்தான் ஐயா சொல்றோம்,” என்றேன்.

பிறகு அவரே, தவிர்க்க முடியாத காரணங்களால் திருமணம் ஒத்திவைக்கப்படுகிறது என்று ஒரு போஸ்டர் போட்டுவிடலாம், குடும்பத்துக்கும் சங்கடம் இருக்காது என்றார். மறுபடியும் போஸ்டர்! எனக்கு வந்த கோபத்தில் அங்கே நின்றால் கோயில் என்றும் பார்க்காமல் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று தங்கை வீட்டுக்குப் போய்விட்டேன்.

தங்கை வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அவள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். பெண் அழவில்லை. “அவருக்கு போன் போடுங்க பெரியம்மா. ஸ்பீக்கர்ல போடுங்க,” என்றாள். மாப்பிள்ளைக்குப் போட்டு, விக்கிரவாண்டிப் பெண்ணைப் பற்றிக் கேட்டேன்.

“அது முடிஞ்சுபோன விஷயம் பெரிய அத்தை,” என்றான் அவன், கொஞ்சமும் அசராமல். “ஊர்ல பெரியவங்கள வெச்சுப் பேசி முடிச்சாச்சு.”

“கோர்ட்டுல முடிச்சியா?”

“நம்ம ஜனத்துக்குக் கோர்ட்டெல்லாம் எதுக்கு அத்தை?”

“கொழந்தைய யார்கிட்ட பேசி முடிச்சே?”

போனை வைத்துவிட்டான். அப்பாடா, வாயாலேயே ஒத்துக்கொண்டானே என்று நினைத்தேன். சற்று நேரத்தில் அவனே திரும்பக் கூப்பிட்டான். இந்தமுறை தேன் இல்லை. “மூணு ஓலையும் முடிஞ்சிடுச்சு, ஒருத்தரும் தடை சொல்லல. சபையே வாழ்த்து போட்டுக்கினு கீது. இப்ப நீங்க நிறுத்துனீங்கன்னா ஊரு என்னை ஒண்ணும் பேசாது. பொண்ணுகிட்டதான் ஏதோ இருக்குதுன்னு பேசும். நல்லா யோசிச்சுக்கங்க.”

அவன் சொன்னதில் பொய் இல்லை, அதுதான் என்னைக் கொளுத்தியது. காரணம் சொல்லாமல் நின்றுபோன கல்யாணத்துக்கு நம் ஊர் எப்போதும் பெண்ணின் பக்கம்தான் காரணம் தேடும். “யாருக்கும் தெரியாம நிறுத்திடலாம்க்கா. ஐயா சொன்ன மாதிரியே ஒத்திவெச்சாச்சுன்னு போட்டுடட்டும்,” என்று தங்கை என் கையைப் பிடித்தாள். அறிவு கெட்டவளே என்று அவள்மேலும் பாய்ந்தேன். பாவம், அவள் என்ன செய்வாள்.

அப்போதுதான் பெண் வாயைத் திறந்தாள். “பெரியம்மா, மூணாவது ஓலைய ஐயா இன்னும் படிக்கல இல்ல?”

“அதான் போஸ்டர் போட்டாச்சே.”

“போட்டாரு. படிக்கல. ஒரு ஓலையும் படிக்கல. வர்ற ஞாயித்துக்கிழமை படிக்கச் சொல்லுங்க. என் பேரையும் அந்த ஆளு பேரையும் படிக்கட்டும். தடை இருக்குதான்னு நிறுத்திக் கேக்கட்டும். தெரிஞ்சவங்க எழுந்து சொல்லட்டும். கோயில்ல இருக்கற எல்லாரும் அதக் கேக்கணும்.”

“ஐயோ, மானம் போயிடும்டி!” என்றாள் தங்கை.

“போறது யாரு மானம்னு அன்னைக்குத் தெரியட்டும்மா.”

அந்த வாரம் அவளையும் அழைத்துக்கொண்டு போதகர் வீட்டுக்குப் போனேன். போகும்போதே சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். தானாகப் பதில் அனுப்புவதை இன்றைக்கே நிறுத்துங்கள் என்றேன், சரி என்றார். காது உள்ள ஒரு மனுஷன் தினமும் அந்தப் போனோடு உட்கார்ந்து, கேட்டு, திரும்பக் கூப்பிட வேண்டும் என்றேன், நானே உட்காருகிறேன் என்றார். குரூப்பைத் திறந்துவிடுங்கள், பூ வந்தால் வரட்டும், பூவால் யாரும் சாகவில்லை என்றேன். அதற்கும் தலையாட்டினார். ஓலையைப் படியுங்கள் என்றதும்தான் தயங்கினார். நடக்காத கல்யாணத்துக்கு ஓலையா, வழக்கமே இல்லையே, லைவ் வேறு போகுமே, மேலிடத்தில் கேட்டால் என்ன சொல்வது?

“வழக்கமா?” என்று எழுந்துவிட்டேன். “வழக்கத்தை நிறுத்தும்போது மேலிடத்தைக் கேட்டீங்களா? அந்த யூடியூப் கோட்டைத்தானே கேட்டீங்க!”

“பெரியம்மா, குந்துங்க,” என்றாள் பெண். பிறகு அவரிடம் மெதுவாகச் சொன்னாள்: “கேமராவை அந்த நேரத்துக்கு நிறுத்திடுங்க ஐயா. அந்த அக்காவைப் பத்தி ஊரு உலகத்துக்கெல்லாம் போக வேணாம், அவங்க இன்னா பாவம் பண்ணாங்க? கோயில்ல இருக்கறவங்க கேட்டாப் போதும். திண்டிவனத்துல வாயால சொன்னது வாட்ஸ்அப்பவிட ஜல்தியா போவும். நான் தெருவுல நடக்கணும் ஐயா. நாளைக்குப் பள்ளிக்கூடம் போவணும். எனக்கு என்ன கொறைன்னு யாரும் கேக்கக் கூடாது.”

“படிக்கறேம்மா,” என்றார்.

மல்லாட்டைக்காரி விக்கிரவாண்டிக்குப் போய் அக்கா மகளைக் கேட்டுவிட்டு வந்தாள். “சொல்லு சித்தி, ஆனா என் பேரு வாணாம்” என்றாளாம். இவளுக்குத்தான் பயம் வந்துவிட்டது. வண்டியில் நின்று பஸ் ஸ்டாண்டையே அதிரவைப்பவள், கோயிலில் எழுந்து பேசியதே இல்லை, நாக்கு ஒட்டிக்கும் சிஸ்டரம்மா என்றாள். என்னைத் திட்டின நாக்குதானே, ஒட்டாது, வா என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. விஷயம் அரசல்புரசலாகக் கசிந்திருக்க வேண்டும். பெண் பாடகர் குழுவில் வழக்கமான இடத்தில் நின்று பாடினாள். பிரசங்கத்துக்கு முன்னால் போதகர் கேமரா பக்கம் கையைக் காட்டினார், தம்பி நிறுத்தினான்.

“சபையாரே, ஒரு ஓலை இருக்கிறது. மூன்று வாரமும் இதை நான் வாயால் வாசித்திருக்க வேண்டும். வாசிக்கவில்லை. சபை எனக்குச் சொல்ல வந்ததைக் காது கொடுத்தும் கேட்கவில்லை. தப்பு என்னுடையது,” என்றார். பிறகு மாப்பிள்ளையின் ஊர், பேர், தகப்பன் பேர், எங்கள் பெண்ணின் பேர், அவள் அப்பா பேர் எல்லாவற்றையும் நிதானமாக வாசித்தார். “இது மூன்றாம் ஓலை. இந்தத் திருமணத்துக்குத் தடை உண்டென்று அறிந்தவர்கள் இப்போது தெரிவிக்கலாம்.”

நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார். இந்த ஓரத்தில் இருந்து அந்த ஓரம் வரை பார்த்தார்.

ஒருத்தரும் அசையவில்லை. மின்விசிறிச் சத்தம் கேட்டது, வெளியே லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. எழுந்திருடி என்று பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். கடைசிப் பாயில் அவள் முந்தானையைக் கையில் முறுக்கிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஆத்திரமும் பயமும் சேர்ந்து வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் போதகர் கண்ணாடியை மாட்டிக்கொள்வார், தடை இல்லை என்றாகிவிடும், அவன் சொன்னதுதான் நிற்கும். போதகர் மாட்டவில்லை. கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பெண் பாடகர் குழுவை விட்டு இறங்கி, எல்லாரும் பார்க்க நடுவழியே நடந்து பின்னால் போய், அந்தப் பாய் ஓரத்தில் நின்றாள்.

அவளைப் பார்த்ததும் மல்லாட்டைக்காரி எழுந்தாள்.

“கீதுங்க ஐயா. தடை கீது,” என்றாள். “அந்த ஆளுக்குப் பொண்டாட்டி கீறா. எங்க வூட்டுப் பொண்ணு. கொழந்தையும் கீது. தீர்த்து வுடல, ஒண்ணும் பண்ணல. இந்தப் பொண்ணுமேல ஒரு குத்தமும் இல்ல. ஏசுசாமி முன்னால சொல்றேன்.”

கோயில் முழுக்க ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. தங்கை என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். பெண் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நேராக முன்னால் பார்த்தபடி நின்றாள். சொல்லி முடித்த பிறகும் மல்லாட்டைக்காரி உட்காரவில்லை.

“ஐயா, நான் சொன்னது கெடச்சிச்சிங்களா?” என்றாள்.

போதகர் பீடத்தில் இருந்து இறங்கி, நாற்காலி வரிசைகளைத் தாண்டி, பாய் வரைக்கும் வந்தார்.

“கேட்டேம்மா,” என்றார்.

அவள் அவர் முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

“நீங்கதான சொல்றீங்க?”

“நான்தாம்மா.”

அதற்குப் பிறகுதான் அவள் உட்கார்ந்தாள்.